தொழில் மேதை ஜி. டி. நாயுடு: ஒருவர் கண்ட வாய்ப்பும் ஊர் பெற்ற பயனும்

கோவை மாநகரின் அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் தொடங்கிக் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்திற்கு மேம்பாலம் ஒன்று அமைந்துள்ளது. 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் திறக்கப்பட்ட அப்பாலத்திற்கு ஜி. டி. நாயுடு அவர்களின் பெயர் சூட்டப்பட்டிருக்கின்றது. அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் இம்மாநகரம் அவரை மறக்கவில்லை என்பதற்கு இது சான்றாகும். எனினும் நாள்தோறும் அப்பாலத்தின் வழியே கல்லூரிக்கு வரும் மாணவர்களுள் அவர் யார், எங்ஙனம் உயர்ந்தார், எதில் வென்றார், எதில் தோற்றார் என்பதனை அறிந்தோர் சிலரே ஆவர். அறிந்தோரும்கூட அவரைப் பள்ளிக்குச் செல்லாமலே மேதையானவர் என்ற அளவில் அறிந்து, அதிலிருந்து தவறானதொரு பாடத்தைப் படித்துக்கொள்கின்றனர். ஆகவே அவரது வாழ்வைச் சற்று நின்று நிதானமாக நோக்குவது நமக்குப் பயன் தரும் என எண்ணுகின்றோம்.

கலங்கல் தந்த செல்வம்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், கோவைக்குக் கிழக்கே சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவுக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு அவருக்குக் கசந்தது. ஆசிரியர்மீது மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிய பிள்ளை என்று அவரைப் பற்றி இன்றும் கொங்கு நாட்டில் கதை கூறுவர். தொடக்கப் பள்ளியின் சில வகுப்புகளோடு அவரது ஏட்டுக் கல்வி நின்றுபோயிற்று.

ஆனால் கற்றல் நிற்கவில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நாம் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பள்ளியை விட்ட பிள்ளைகள் அன்றும் பலர் இருந்தனர், இன்றும் உள்ளனர். தோட்டத்து வேலைக்கிடையே கையில் கிடைத்த நூல்களை எல்லாம் தாமாகவே படித்தார் என்பதுதான் நாயுடுவை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றது. ஆசிரியர் இல்லாத இடத்தில் அவர் தமக்குத் தாமே ஆசிரியரானார். அது எளிய வழி அன்று. பள்ளிக்குச் செல்வதைக் காட்டிலும் பன்மடங்கு கடினமான வழியாகும்.

முதல் எந்திரம்

அக்காலத்தில் அவ்வூர்ப் பக்கமாக ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து சென்றார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் அவ்வண்டியை ஊரே வேடிக்கை பார்த்தது. வேடிக்கை பார்த்த அனைவரும் வீடு திரும்பினர். ஓர் இளைஞரின் மனம் மட்டும் அவ்வண்டியின் பின்னே சென்றது. அஃது எங்ஙனம் ஓடுகின்றது என்ற வினா அவரை உறங்கவிடவில்லை.

அதனை விலைக்கு வாங்குவதற்கென்றே அவர் கோவைக்கு வந்தார். உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பணம் சேர்த்தார். முந்நூறு ரூபாய் அளவிற்குத் தொகை சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதை ஓட்டி மகிழ்ந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அதன் உறுப்புகள் ஒவ்வொன்றையும் கழற்றினார், ஆராய்ந்தார், மீண்டும் பூட்டினார். அவரது தொழில்நுட்பக் கல்லூரி அந்த ஒரே வண்டிதான் எனக் கூறினும் மிகையாகாது.

இங்கு நாம் ஒன்றைக் கருத வேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்பது நம் பழமொழி. ஆனால் காற்று வீசும்போது தூற்றுவதற்குக் களத்தில் கதிரடித்துக் குவித்து வைத்திருக்க வேண்டுமல்லவா? நாயுடு அந்த மூன்றாண்டுகளில் செய்தது கதிரடிக்கும் வேலையே ஆகும். காற்று பின்னர்தான் வந்தது.

வீழ்ச்சியும் எழுச்சியும்

அவரது உயர்வு நேர்க்கோட்டில் அமைந்ததன்று. முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் திருப்பூரில் பருத்தி அரவைத் தொழிலில் இறங்கினார், பொருளும் ஈட்டினார். ஈட்டிய பொருளைப் பெருக்கும் ஆசையில் பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் ஈடுபட்டார். அங்கு ஊக வணிகத்தில் கைப்பொருளை இழந்து ஊர் திரும்பினார். தமக்குத் தெரிந்த எந்திரத் தொழிலைவிட்டுத் தமக்குத் தெரியாத சூதாட்டம் போன்றதொரு வணிகத்தில் இறங்கியதன் விலையை அவர் கொடுத்தார். அவரைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இப்பகுதியை ஓரிரு சொற்களில் கடந்துவிடுவர். நாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. வணிகக் குடும்பங்களிலிருந்து வரும் நம் மாணவர்கள் பலருக்கு இவ்வீழ்ச்சி அவரது வெற்றியைக் காட்டிலும் பயனுள்ள பாடமாகும்.

இழந்தவர் மீண்டும் எழுந்தது எந்திரத்தைப் பற்றிக்கொண்டே. அக்காலக் கோவையில் இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபர் பெருமதிப்புடன் வாழ்ந்து வந்தார். 1862ஆம் ஆண்டிலேயே இந்நகரில் பள்ளி நிறுவியவர். 1888ஆம் ஆண்டில் கோவையின் முதல் நூற்பாலை தோன்றக் காரணமானவர். அவரது தொடர்பு நாயுடுவுக்குக் கிட்டியது. நாயுடுவின் திறமையை அவர் கண்டறிந்து, பேருந்து ஒன்று வாங்குவதற்குக் கடன் உதவி செய்தார். விலையின் ஒரு பகுதி நாயுடுவின் கைப்பணம். மறு பகுதி ஸ்டேன்ஸ் அளித்த நம்பிக்கை. வாய்ப்பு என்பது பல வேளைகளில் நம்மை நம்பும் ஒரு மனிதரின் வடிவிலேயே வருகின்றது. அந்நம்பிக்கைக்கு உரியவராக நாம் முன்னரே நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

பொள்ளாச்சி – பழனிச் சாலை

1920ஆம் ஆண்டில் நாயுடு தம் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே. ஏன் அந்த வழித்தடம்? போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்துவிட்டது. ஆனால் பழனிக்கு அப்போது இருப்புப்பாதை எட்டவில்லை. ஆண்டு முழுவதும் மக்கள் திரளாகச் செல்லும் ஊர் பழனி. புகைவண்டியில் பொள்ளாச்சியில் வந்திறங்குவோர் அதற்கு மேல் மாட்டுவண்டியிலோ கால்நடையாகவோ செல்ல வேண்டியிருந்தது. இத்தேவையை அவ்வழியே சென்ற அனைவரும் கண்டனர். கண்டு அதற்கு விடையளித்தவர் நாயுடு.

ஒரு பேருந்து பல பேருந்துகள் ஆயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் யு.எம்.எஸ். நிறுவனம் தோன்றியது. 1930களின் முற்பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் அந்நிறுவனத்தின் பெயரில் ஓடின. நாட்டிலேயே சிறந்த பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாக அது மதிக்கப்பட்டது. காலந்தவறாமை அதன் தனிச்சிறப்பு. வண்டி எப்போது வருமோ என்று மரத்தடியில் காத்துக் கிடந்த மக்களுக்குக் கடிகாரத்தின் மதிப்பை யு.எம்.எஸ். பேருந்துகள் கற்பித்தன.

இத்தனை வண்டிகளையும் ஓட்டவும் பழுது நீக்கவும் ஆட்கள் வேண்டுமல்லவா? அன்று அத்தொழில் அறிந்தோர் கொங்கு நாட்டில் அரியர். ஆகவே நாயுடு ஆட்களைத் தேடுவதை விடுத்து ஆட்களை உருவாக்கத் தலைப்பட்டார். ஏர் பிடித்த கைகள் திருகுசாவி பிடிக்கக் கற்றன. ஒருவரது வெற்றி ஊரின் வெற்றியாக மாறியது இந்த இடத்தில்தான் என நாம் கருதுகின்றோம்.

மின்சாரமும் கிணறும்

கொங்கு நாடு மழை மறைவு நாடு. மேற்கே மலை அரணாக நிற்பதால் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பாலேயே பெய்துவிடுகின்றது. நொய்யல் பாயும் நிலப்பரப்பு சிறிது. எஞ்சிய நிலமெல்லாம் ஆழ்கிணற்றை நம்பியவை. எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்து நீர் எடுப்பதில் உழவனின் பொழுதெல்லாம் கழிந்தது.

இந்நிலையில் 1932ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா புனல்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வரத் தொடங்கியது. கோவையைச் சுற்றி நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மின்சாரம் வந்தது, அதைக்கொண்டு நீர் இறைக்க மோட்டார் வேண்டும். மோட்டாரோ கடல் கடந்து வர வேண்டியிருந்தது. வந்தாலும் அதன் விலை எளிய உழவனுக்கு எட்டாது.

நாயுடு அவர்களும் தொழில்நுட்பம் வல்ல டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் இணைந்து முயன்றதன் பயனாக, 1937ஆம் ஆண்டில் கோவை பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸ் என்னும் தொழிற்கூடத்தில் மின் மோட்டார் உருவாயிற்று. இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் என்று அது போற்றப்படுகின்றது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவர் வழியிலும் பிறர் வழியிலும் கோவையில் வார்ப்படச் சாலைகளும் பம்புசெட் தொழிற்கூடங்களும் பெருகின. இன்று நாட்டின் பல பகுதிகளுக்குப் பம்புசெட்டுகளைச் செய்து அனுப்பும் நகரமாகக் கோவை விளங்குகின்றது. நம் இல்லந்தோறும் மாவரைக்கும் கிரைண்டருக்குக் கோவையின் பெயரால் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கின்றது. இவை அனைத்தும் நாயுடு ஒருவரின் செயல் என்று கூறுவது பொருந்தாது. ஆயினும் எந்திரம் என்பது வெள்ளையர் நாட்டில் மட்டுமே விளையும் பொருள் என்ற எண்ணத்தை இம்மண்ணில் உடைத்தவர்களுள் அவர் முன்னவர் என்பதில் ஐயமில்லை.

கைகூடாத கனவுகள்

நாயுடு பலமுறை ஐரோப்பா சென்று வந்தார். சென்ற இடமெல்லாம் கண்ணையும் கருத்தையும் திறந்து வைத்திருந்தார். 1936ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கருவியால் படம் பிடித்தார். உலர் மின்கலத்தில் இயங்கும் ரேசன்ட் என்னும் சவரக் கருவியை உருவாக்கினார். மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, மோசடி செய்ய இயலாத வாக்குப்பதிவு எந்திரம் என அவர் கண்ட கருவிகள் பல. 1941ஆம் ஆண்டில் ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தர இயலும் என அறிவித்தார். 1952ஆம் ஆண்டில் இருவர் அமரும் பெட்ரோல் காரை இரண்டாயிரம் ரூபாய் விலையில் உருவாக்கினார். வேளாண்மையிலும் ஆய்வு செய்து பத்தடி உயரம் வளரும் பருத்திச் செடியை வளர்த்துக் காட்டினார். கடைக்கால் இடுவது முதல் குடிபுகுவது வரை பதினொரு மணி நேரத்தில் ஒரு வீட்டைக் கட்டி முடிக்க இயலும் என்பதையும் மெய்ப்பித்தார்.

எனினும் இவற்றுள் பெரும்பாலானவை மக்கள் கைக்கு வந்து சேரவில்லை. காருக்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை. உரிமம் வழங்கும் முறை, வரி விதிப்பு ஆகியவற்றோடு அவர் ஓயாது போராட நேர்ந்தது. 1950களில், தாம் செய்த கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்துத் தம் எதிர்ப்பைக் காட்டினார். அச்செயல் சரியா, தவறா என்று கோவை மக்கள் நெடுங்காலம் பேசினர். உருவாக்கியவனே உடைப்பது என்றால் உள்ளம் எத்துணை நொந்திருக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். உடைத்ததனால் உரிமம் வந்துவிடவில்லை என்பது மறு பக்கம். அதற்கு முன்னர் 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்று தோல்வியும் கண்டார். எந்திரத்தின் மறையாணியைத் திருகுவதுபோல மன்றங்களையும் அலுவலகங்களையும் அவரால் திருகிவிட இயலவில்லை. தனி மனிதனின் ஆற்றல் எத்துணைப் பெரியதாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவர் வாழ்வே நமக்குக் காட்டுகின்றது.

பள்ளியை வெறுத்தவர் நிறுவிய கல்லூரி

1944ஆம் ஆண்டில் நாயுடு தம் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தொழிலாளர் நலன், தாழ்த்தப்பட்டோர் நலன் ஆகியவற்றிற்கெனத் தம் பொருளை ஒதுக்கினார். அவரது முயற்சியாலும் நன்கொடையாலும் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் கோவையில் தோன்றின. சர் ஆர்தர் ஹோப் அன்றைய சென்னை மாகாண ஆளுநர். 1945ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அக்கல்லூரிதான் இன்று தடாகம் சாலையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகப் புகழ் பெற்று விளங்குகின்றது.

பாலிடெக்னிக்கின் முதல்வர் பொறுப்பையும் நாயுடு ஏற்றார். தொடக்கப் பள்ளியையும் முடிக்காதவர் தொழிற்கல்விக் கூடத்தின் முதல்வரானார் என்பது வியப்பன்றோ! நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலத்தை வீணாக்குவது. கைப்பயிற்சியோடு கூடிய இரண்டாண்டே போதும் என்பது அவர் கொள்கை. படிக்கும்போதே பட்டறையிலும் பணி செய்ய வேண்டும் என்று அவர் வாதாடினார். ஆட்சியாளர் அதை ஏற்கவில்லை. அவர் பொறுப்பைத் துறந்தார். தொழிற்கூடப் பயிற்சியும் உள்ளகப் பயிற்சியும் இன்று பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருப்பதைக் காணும்போது, அவரது வாதத்தில் ஒரு பாதியேனும் உண்மை இருந்தது எனத் தோன்றுகின்றது. மறுபாதியை, அதாவது கோட்பாட்டறிவுக்குரிய காலத்தை, அவர் குறைத்து மதிப்பிட்டார் என்றும் கூற இடமுண்டு.

நம் முன் உள்ள வினா

நம் மாணவர்களுள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறையினர். அவர்தம் அண்ணன்மாரும் தம்பிமாரும் உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் கடைகளிலும் பட்டறைகளிலும் பணி செய்கின்றனர். எந்திரத்தின் ஒலியைக் கேட்ட அளவிலேயே அதன் பழுதைக் கூறவல்ல பிள்ளைகள் அவர்களிடையே உள்ளனர். ஆனால் கையில் சான்றிதழ் இல்லை. வரைபடம் படிக்கத் தெரியாது. வங்கியில் கடன் கேட்கும் துணிவு இல்லை. மறுபுறம், சான்றிதழ் பெற்ற பிள்ளைகள் பலருக்குத் திருகுசாவியைப் பிடிக்கத் தெரியவில்லை. கைக்கும் ஏட்டுக்கும் இடையே விழுந்த இப்பள்ளத்தை நிரப்பத்தான் நாயுடு தம் வாழ்வின் பிற்பகுதியைச் செலவிட்டார்.

படிப்பை நிறுத்திப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் பெற்றோர் சிலர், ஜி. டி. நாயுடு படித்தா முன்னேறினார் என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு நாம் பணிவுடன் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். தமக்குக் கிடைக்காத கல்வியின் அருமையை உணர்ந்தமையால்தான் தாம் ஈட்டிய பொருளைக் கல்விக்கூடத்திற்கு அவர் அளித்தார். படிக்காமையை அவர் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை. பயனற்ற படிப்பைத்தான் அவர் கண்டித்தார்.

சமுதாயப் பெரியோர்க்கும் அவர் வாழ்வில் செய்தி உண்டு. இராபர்ட் ஸ்டேன்ஸ் அன்று ஓர் இளைஞரை நம்பிக் கடன் தந்திராவிடில், யு.எம்.எஸ். எழுவதற்குக் காலம் தாழ்ந்திருக்கலாம். எழாமலே போயிருக்கவும் கூடும். பரிசளிப்பதைவிட முதலீடு தந்து துணைநிற்பது பெரிது. ஒரு மாணவனுக்குக் கல்விக் கட்டணம் செலுத்துவது நன்று. அவன் படித்து முடித்தபின் தொழில் தொடங்கக் கைகொடுப்பது அதனினும் நன்று.

நிறைவாக

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், தம் எண்பதாம் அகவையில் ஜி. டி. நாயுடு மறைந்தார். 1967ஆம் ஆண்டில் அவர் அமைத்த தொழிற் பொருட்காட்சியும், அவர் பெயரிலான அறநிலையமும், தொழிற்பயிற்சியும் அவருக்குப் பின்னர் அவர்தம் மகன் ஜி. டி. கோபால் அவர்களால் தொடர்ந்து பேணப்பட்டன. 2015ஆம் ஆண்டில் அவிநாசி சாலையில் பழங்கார்களின் அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது.

அவர் செய்த இரண்டாயிரம் ரூபாய்க் கார் சாலைக்கு வரவில்லை. எழுபது ரூபாய் வானொலி வீடுதோறும் பாடவில்லை. தமக்கென்று அவர் கண்ட கனவுகளுள் பல கைநழுவிப் போயின. ஆனால் பிறர் கைகளுக்கு அவர் கற்றுத் தந்தது போகவில்லை. அது பட்டறைக்குப் பட்டறை, தந்தையிடமிருந்து மகனுக்கு, முதலாளியிடமிருந்து தொழிலாளிக்கு, தொழிலாளி முதலாளியாகி மற்றொரு தொழிலாளிக்கு எனப் பரவிக் கோவையைத் தொழில் நகரமாக்கியதில் பங்கு கொண்டது. தனக்கென்று பிடித்து வைத்த வாய்ப்பு ஒரு தலைமுறையோடு முடியும். பிறருக்குக் கற்றுக்கொடுத்த தொழில் ஊரையே வாழவைக்கும் என்பதை இதனின்றும் நாம் அறிகின்றோம்.

மேம்பாலத்தின் மேல் விரையும் மாணவச் செல்வங்களே! ஒருநாள் கீழே இறங்கி அப்பெருமகனாரின் அருங்காட்சியகத்தையும் பொருட்காட்சியையும் சென்று காணுங்கள். கண்டு வியப்பதோடு நின்றுவிடாமல், அங்குள்ள எந்திரம் ஒன்று எங்ஙனம் இயங்குகின்றது என்று வினவுங்கள். ஊரே வேடிக்கை பார்த்துத் திரும்பிய அந்நாளில், கலங்கல் கிராமத்து இளைஞர் ஒருவரின் உள்ளத்தில் எழுந்ததும் அதே வினாதான்.